முதலில் கோணம், அப்புறம்தான் பனி: ரிசார்ட் கயிற்றைத் தாண்டி ஸ்கீ போகிறவர்களுக்கு

பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்குள் ஸ்கீ ஓட்டும்போது, நாம் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே யாரோ மலையேறி, வெடி வைத்து, சந்தேகமான சரிவுகளை உடைத்துக் கீழே தள்ளிவிட்டு, மிச்ச இடங்களில் கயிறு கட்டி மூடியிருப்பார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டிய நிமிடமே அந்த வேலை முழுக்க நம் தலையில் வந்து விழுகிறது. பலர் நினைத்துக்கொண்டிருப்பது வேறு. மேலே எங்கோ தானாகக் கிளம்பும் பனிச்சரிவு, வழியில் நின்ற அப்பாவியை அள்ளிக்கொண்டு போகிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் உயிர்போன விபத்துகளில் சுமார் பத்தில் ஒன்பதில், பனிச்சரிவைக் கிளப்பியவர் மாட்டிக்கொண்டவரேதான், இல்லையென்றால் அவருடன் வந்தவர். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல செய்தி இந்த விஷயத்தில் கிடையாது. நம் எடை எங்கே விழவேண்டும் என்பதை நாம்தானே முடிவு செய்கிறோம்!

சரி, உடைவது என்ன? பனி ஒரே கட்டியாக மலைமேல் உட்கார்ந்திருப்பதில்லை, ஒவ்வொரு புயலுக்கும் ஒவ்வோர் அடுக்காகச் சேர்கிறது. நடுவில் ஒட்டாத ஓர் அடுக்கு மாட்டிக்கொண்டு, அதன்மேல் இறுகிய அடுக்கு ஒன்று பலகை மாதிரி படிந்துவிட்டால், கோலிக்குண்டுகள்மேல் கண்ணாடித் தகடு வைத்த கதைதான். ஒருவர் அழுத்தினால் கீழே உள்ள பலவீன அடுக்கு நொறுங்கும், அந்த நொறுங்கல் கண்சிமிட்டும் நேரத்தில் பக்கவாட்டில் பரவும், முழுப் பலகையும் கழன்று வரும். ஆள்களைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பலகைச் சரிவுதான். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம் என்று ஒரு பலகையை வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குச் சின்னதாகத்தான் இருக்கும். கன மீட்டருக்கு 200 கிலோ என்று போட்டால்கூட 250 டன் வருகிறது. ஒரு புள்ளியில் தொடங்கி விசிறி மாதிரி விரியும் உதிரிப்பனிச் சரிவும் உண்டு. அது பெரும்பாலும் சின்னது, ஆனால் கீழே பாறை விளிம்பு இருந்தால் அதில் தள்ளிவிட அதுவே போதும்.

கோணம்

நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பனியைப் பற்றி இல்லை. பனி எப்படி இருக்கிறது என்பதில் பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கும் சந்தேகம் வரும், பத்து அடி தள்ளித் தோண்டினால் வேறு பதில் வரும். கோணம் அப்படியில்லை. அளந்தால் அளந்ததுதான்.

பலகைச் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன, அதிலும் 38ஐச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். 30க்குக் கீழே அபூர்வம். ரொம்பச் செங்குத்தான இடங்களில் பனி விழ விழ அவ்வப்போது உதிர்ந்துவிடுவதால் கனமான பலகை சேர வாய்ப்பு குறைவு. வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஸ்கீ ஓட்ட நமக்கு எது இனிக்கிறதோ அதே கோணம்தான் பனிச்சரிவுக்கும் இனிக்கிறது.

கண்ணை நம்பாதீர்கள். மேலே நின்று பார்த்தால் ஒரு கோணம், கீழிருந்து பார்த்தால் வேறு, பயத்தில் பார்த்தால் இன்னொன்று. வீட்டிலேயே வரைபடத்தில் தொடங்குங்கள். கோண நிறம் பூசிய மலையேற்றச் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன, ஆனால் அவை பத்துப் பதினைந்து மீட்டர் அளவிலான சின்னச் செங்குத்து மேடுகளைத் தவறவிடும் என்பதை மறக்காதீர்கள். காகித வரைபடம் என்றால் 1:25,000 அளவில், 20 மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோடுகள் இரண்டுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் 30 டிகிரியைத் தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

இடத்தில் நின்று அளக்க ஒரு இன்க்ளினோமீட்டர் (சாய்வுக் கோணம் காட்டும் கருவி) போதும், போனில் உள்ளதும் வேலை செய்யும். இரண்டும் இல்லையா, சம நீளமுள்ள இரண்டு ஸ்கீ கோல்கள் போதும். ஒரு கோலை அதன் நுனி மேல்நோக்கி இருக்கும்படி, பனி உருண்டால் எந்தத் திசையில் உருளுமோ அந்தத் திசையில் படுக்கவைத்து, அழுத்தித் தடம் பதியுங்கள். நுனியை அசைக்காமல் பிடியை மட்டும் தூக்குங்கள். அந்தப் பிடியோடு இரண்டாவது கோலின் பிடியைச் சேர்த்துப் பிடித்து, அதை நேர்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் நுனி பனியைத் தொடும்வரை சரிசெய்யுங்கள். தடத்தின் கீழ்முனையிலேயே தொட்டால் சரிவு 30 டிகிரி. தடத்தையும் தாண்டிக் கீழே தொட்டால் 30க்கு மேல், தடத்துக்குள்ளேயே தொட்டால் 30க்குக் கீழ். இதை நிஜச் சரிவின் நடுவில் நின்று பழகாதீர்கள், ஓரத்தில் இருக்கும் சின்ன மேட்டில் பழகுங்கள்.

உங்கள் ஸ்கீக்கு அடியில் உள்ள கோணம் மட்டும் கணக்கில்லை, இதுதான் புதியவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம். தட்டையான பள்ளத்தாக்கில் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதும், தலைக்குமேல் 38 டிகிரிச் சரிவு இருந்தால் நீங்கள் அதன் வாயில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பலவீன அடுக்கு தொடர்ச்சியாக இருந்தால், கீழே தட்டையில் நீங்கள் மிதித்த மிதி மேலே உள்ள செங்குத்துச் சரிவை உடைத்து உங்கள்மேலேயே கொண்டுவந்து கொட்டக்கூடும்.

முன்னறிவிப்பை எண்ணோடு நிறுத்தாதீர்கள்

பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியாகும் பகுதி என்றால் அன்றைய அறிக்கையைப் படிக்காமல் கிளம்புவது மடத்தனம். ஆபத்து 1 முதல் 5 வரை ஐந்து நிலைகள். ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஒரே அளவுகோலுக்கு வந்தன, வட அமெரிக்காவிலும் ஐந்துதான். 3 என்றால் நடுவில்தானே இருக்கிறது, பாதிப் பரவாயில்லை என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கு தப்பு. ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆபத்து சேர்ந்துகொண்டு போவதில்லை, பெருகிக்கொண்டு போகிறது. 4, 5ஆம் நிலை நாட்களில் பயந்துபோய் ஆள்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள், 3இல் வெயிலும் புதுப் பனியும் சேர்ந்து கூப்பிட எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள், அதனால்தான் 3ஆம் நிலை நாட்களில் அத்தனை பேர் சாகிறார்கள்.

எண்ணைப் பார்த்த பிறகு, எந்தத் திசை நோக்கிய சரிவுகள், எந்த உயரத்துக்கு மேலே, என்ன வகைப் பிரச்சினை என்ற மூன்றையும் படியுங்கள். ஐரோப்பிய அறிக்கைகளில் ஐந்து வகைப் பிரச்சினைகள் வரும்: புதுப் பனி, காற்று குவித்த பனி, நீடிக்கும் பலவீன அடுக்கு, ஈரப் பனி, தரையோடு வழுக்கும் பனி. ஒவ்வொன்றுக்கும் நாம் நடந்துகொள்ள வேண்டிய விதம் வேறு. புதுப் பனிக்குப் பொறுமைதான் மருந்து, ஒன்றிரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் அமர்ந்துவிடும். நீடிக்கும் பலவீன அடுக்குக்கு அந்தப் பொறுமை போதாது. அது வாரக்கணக்கில், சில சமயம் பருவம் முழுக்க, உள்ளேயே இருக்கும். மேலே ஒரு அறிகுறியும் காட்டாது.

கோணத்தையும் நிலையையும் சேர்த்துப் பார்க்க, சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் கொடுத்த எளிய வரம்பு ஒன்று உண்டு, நான் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். 2ஆம் நிலையில் 40 டிகிரிக்குக் கீழ், 3இல் 35க்குக் கீழ், 4இல் 30க்குக் கீழ். 2 என்றால் உங்கள் தடத்தை ஒட்டிய பகுதியின் கோணத்தைப் பார்த்தால் போதும், 3 என்றால் முழுச் சரிவிலும் மிகச் செங்குத்தான இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், 4 என்றால் தலைக்குமேல் உள்ளது, பக்கத்தில் உள்ளது என்று எல்லாமே கணக்கு. 5ஆம் நிலையில் இதையெல்லாம் யோசிக்கவே தேவையில்லை, வீட்டில் இருங்கள். அறிக்கையே வராத மலை என்றால் 30ஐத் தாண்டாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நாணயமான வழி.

பலவீன அடுக்கு எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே வானிலையைக் கதை மாதிரி படிக்கலாம். பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 20 என்றும், பனி வெறும் 40 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுகிய தூரத்துக்குள் 20 டிகிரி வித்தியாசம். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே நீராவி கீழிருந்து மேலே நகரத் தொடங்கி, பனித்துகள்களைக் கோணல்மாணலான படிகங்களாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, சர்க்கரை மாதிரி விரல் நடுவே வழியும். அதனால்தான் மெல்லிய பனியும் நீண்ட குளிரும் சேர்ந்த குளிர்காலம் அதிகப் பனி விழுந்த குளிர்காலத்தைவிட மோசமாக முடிவதுண்டு. பனி குறைவாக இருக்கிறது, அதனால் ஆபத்தும் குறைவு என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்று மேற்பரப்பில் பூக்கும் உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத, ஈரமான இரவில் பனியின்மேல் இறகு மாதிரிப் படிகங்கள் முளைக்கும், காலை வெயிலில் மின்னும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அடுத்த புயல் அதைக் கலைக்காமல் மூடிவிட்டால் அந்த அழகுதான் பிறகு கொல்லும் அடுக்கு. வெயில் குறைவாகப் படும் சரிவுகளில் இவையெல்லாம் அதிக நாள் தாங்கும், அதாவது வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியவை, தென் அரைக்கோளத்தில் தெற்கு நோக்கியவை.

காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வானம் தெளிவாக இருக்கும், ஒரு துகள்கூட விழுந்திருக்காது, ஆனால் இரவு முழுக்க வீசிய காற்று மலையின் ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபக்கத்தில் குவித்திருக்கும், அதுவும் வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகத்தில். முகட்டில் பனி கொடி மாதிரி காற்றில் பறப்பது தெரிந்தால் அது குவிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். காற்று குவித்த பனி வழவழவென்று மெத்தை மாதிரி தெரியும், கோலால் தட்டினால் சில சமயம் வெற்றுப் பெட்டி மாதிரி ஒலிக்கும். முகட்டின் விளிம்பில் தொங்கும் பனிக்கூரை இன்னொரு தொல்லை. நாம் நினைப்பதைவிட ரொம்பப் பின்னால் உடையும், அதனால் எட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

மலை நேரடியாகச் சொல்வதைக் கேளுங்கள்

எந்தக் குழி தோண்டலையும்விட நம்பகமான அறிகுறிகள் சில உண்டு: அக்கம்பக்கத்தில் புதிதாக உடைந்து விழுந்த பனிச்சரிவு, ஸ்கீ முனையிலிருந்து பாய்ந்து ஓடும் விரிசல், கடந்த ஒரு நாளில் பெய்த மழை அல்லது 30 சென்டிமீட்டர் அளவுக்கு விழுந்த பனி, சட்டென்று ஏறிய வெப்பம். இவற்றோடு அந்தச் சத்தம். தட்டையான இடத்தில் நடக்கும்போது காலடியில் 'வூம்ப்' என்று ஒரு பெருமூச்சு, கூடவே பனி ஒரு விரல் அளவு இறங்கிய உணர்வு. முதல் தடவை கேட்டபோது பக்கத்து மரத்திலிருந்து பனி விழுந்தது என்று நினைத்து நான் பாட்டுக்கு நடந்தேன், பின்னால் வந்தவர்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். பலவீன அடுக்கு நொறுங்கும் சத்தம் அது. நான் நின்ற இடம் சாய்வாக இருந்திருந்தால் நானும் கூடவே போயிருப்பேன். அன்று 30 டிகிரிக்குக் கீழேயே சுற்றிவிட்டுத் திரும்பினோம். இதில் ஒன்று தெரிந்தாலே திட்டத்தை மாற்றுங்கள், இரண்டாவதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வசந்த காலத்தில் விளையாட்டு வேறு. இரவில் நன்றாக உறைந்து, காலையில் மேலே ஒரு விரல் மட்டும் இளகினால் அதைவிட நல்ல பனி கிடையாது. ஆனால் பூட்ஸ் கணுக்காலைத் தாண்டிப் புதையத் தொடங்கிவிட்டால், பனி உருண்டைகள் தாமாக உருண்டு வரத் தொடங்கிவிட்டால், நேரம் முடிந்தது. மேகம் மூடிய இரவு சரியாக உறையவிடாது, அப்படிப்பட்ட காலையில் விடியுமுன் எழுந்ததற்காக மட்டும் மேலே போகவேண்டும் என்று இல்லை.

குழி தோண்டிச் சோதிப்பது பற்றிக் கொஞ்சம். 90க்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு பனித்தூணைத் தனியாக வெட்டி, ஒரு முனையில் ஷவலை (பனி தோண்டும் மண்வாரி) வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவார்கள். விரிசல் தூணின் மறுமுனைவரை ஒரே ஓட்டமாக ஓடினால் அந்தச் சரிவு வேண்டாம். ஓடாவிட்டால்? அதைப் போகலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நீங்கள் தோண்டியது அந்த 90 சென்டிமீட்டரை மட்டும்தான். சோதனை 'வேண்டாம்' என்றால் நம்புங்கள், 'சரி' என்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரிவில் இறங்கும்போது

ஒரு நேரத்தில் ஒருவர். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், போனை அல்ல. பத்திரமான இடம் என்றால் முகட்டின் முதுகு, அடர்ந்த மரக்கூட்டம், பனிச்சரிவு வந்து நிற்கும் எல்லைக்கு வெளியே உள்ள மேடு. சரிவின் நடுவில் ஒற்றை மரத்தடி பத்திரமில்லை. வெளிப்பக்கம் வளைந்து புடைத்த இடங்களிலும், பாறை எட்டிப் பார்க்கும் மெல்லிய பனியிலும் உடைப்பது எளிது. கனமான பனியில் பலவீன அடுக்கு ஆழத்தில் இருக்கும், மெல்லிய இடத்தில் நம் எடை நேராகப் போய்ச் சேரும். முன்னால் நாலு தடங்கள் இருப்பதால் அஞ்சாவது தடம் பத்திரம் என்று ஆகாது, அந்த மெல்லிய புள்ளியை அவர்கள் மிதிக்கவில்லை, அவ்வளவுதான். கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். குறுகிய ஓடைப்பள்ளம் இருந்தால் சின்னப் பனிச்சரிவுகூட மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்குப் புதைத்துவிடும், மரங்களும் பாறைகளும் இருந்தால் புதைவதற்கு முன்பே கதை முடிந்துவிடலாம்.

இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள், இது எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கமன் நூற்றுக்கணக்கான விபத்துகளை அலசி இதற்குச் சில காரணங்களைப் பிரித்துக் காட்டினார்: பழகிய சரிவு என்ற மெத்தனம், கிளம்பியாயிற்று முடித்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம், கூட்டத்தில் அனுபவசாலி இருக்கிறார் அவர் பார்த்துக்கொள்வார் என்ற சோம்பல், புதுப் பனியில் முதல் தடம் நம்முடையதாக இருக்கவேண்டும் என்ற ஆசை. என் குழுவில் ஒரே விதி வைத்திருக்கிறோம். யாராவது ஒருவர், எவ்வளவு புதியவராக இருந்தாலும், வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்பதில்லை. விதியைக் காலையிலேயே, கார் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லிக்கொள்ள வேண்டும், மேலே போன பிறகு யாருக்கும் வாய் வராது.

மாட்டிக்கொண்டால்

பீக்கன் (புதைந்தவரைத் தேட சிக்னல் அனுப்பும், வாங்கும் கருவி), புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். உங்கள் ஷவல் உங்களைத் தோண்டாது, கூட வந்தவரின் ஷவல்தான் தோண்டும், அதனால் அடுத்தவர் பையில் என்ன இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. பீக்கன்கள் உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸில் பேசுகின்றன. அதைப் பையில் போடாமல் உடம்போடு கட்டுங்கள், போனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி, தேடும்போது 50. கிளம்புமிடத்தில் ஒவ்வொருவரின் பீக்கனும் சிக்னல் அனுப்புகிறதா, வாங்குகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் முதல் அடி.

காலடியில் உடைந்தால் சத்தம் போட்டுக்கொண்டே பக்கவாட்டில் ஓரம் பார்த்து ஓட்டுங்கள், ஏர்பேக் (ஊதிப் பெருத்து பனியின் மேலே நிற்க உதவும் முதுகுப்பை) இருந்தால் உடனே அதன் பிடியை இழுங்கள், கோல்களை விடுங்கள், ஓட்டம் குறையும்போது கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் செய்யுங்கள். நின்றதும் அந்தப் பனி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது.

புதைந்தவருக்கு நேரம்தான் எல்லாம். 1990களில் வெளியான சுவிஸ் கணக்கில், முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள், 35 நிமிடத்தில் அது பத்தில் மூன்றாகக் குறைந்தது. பிற்பாடு வந்த கணக்குகள் அந்த முதல் வாய்ப்பை இன்னும் சுருக்கி 10 நிமிடம் என்கின்றன. மீட்புக் குழு ஹெலிகாப்டரில் வந்தாலும் அதற்குள் வந்து சேருவது கஷ்டம், ஆகவே மீட்புக் குழு என்பது நீங்கள்தான். தனியாகத் தப்பியிருந்தால் முதலில் தேடுங்கள், ஆள்கள் இருந்தால் ஒருவர் மட்டும் போன் பேசட்டும்.

மேலே இன்னொரு சரிவு தொங்குகிறதா என்று ஒரு பார்வை. எல்லோரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றியாயிற்றா என்று ஒரு கத்தல், இல்லையென்றால் நிற்பவரின் சிக்னலையே துரத்திக்கொண்டிருப்பீர்கள். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கீழ்நோக்கி, 40 மீட்டர் அகலப் பட்டைகளாக, கையுறை, ஸ்கீ முனை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தபடி வேகமாகப் போங்கள். சிக்னல் கிடைத்து, பீக்கன் காட்டும் தூரம் 3 மீட்டருக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, பீக்கனைப் பனியை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், குறுக்கும் நெடுக்குமாக நகர்த்திக் குறைந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாகப் புரோப் குத்துங்கள், சரிவுக்குச் செங்குத்தாக. ஆள் தட்டுப்பட்டால் புரோப்பைப் பிடுங்காதீர்கள். நேர்மேலே நின்று தோண்டாமல், புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கீழே தள்ளி நின்று உள்நோக்கித் தோண்டுங்கள், ஒருவர் வெட்ட மற்றவர்கள் பின்னால் தள்ள. முகம் தெரிந்ததும் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்துவிட்டு மூச்சைப் பாருங்கள், உடம்பு முழுதும் வெளியே வரக் காத்திருக்க வேண்டாம்.

படித்ததை வைத்து இதில் எதையும் செய்ய முடியாது. பருவம் தொடங்கும் முன்பு ஒரு தட்டையான இடத்தில் பழைய பை ஒன்றுக்குள் பீக்கனைப் போட்டு ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து, எங்கே என்று தெரியாத ஒருவரைத் தேடச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். தேடுவது மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். தோண்டுவதுதான் மீதி நேரம் முழுவதையும் தின்னும். எங்கள் முதல் முயற்சியில் 22 நிமிடம் ஆனது.